லதா நேர்ந்துகொண்ட கால்கள்

வேண்டிக்கொண்டது லதா. நடக்க வேண்டியதோ ஆனந்தனின் கால்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வார்த்தை கேட்காமல், கட்டின புருஷனின் இரண்டு கால்களையும் தூக்கித் திருப்பதிப் பெருமாளுக்கு நேர்ந்துவிட்டாள். அதுவும் பெருமாளைக் கும்பிடாத புருஷனின் கால்களை.

ஆனந்தனின் முன்னோர்கள் கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கூலியாக வந்த காலத்திலேயே புத்த சமயத்துக்குப் போனவர்கள். வைகாசிப் பௌர்ணமிக்கு ஆனந்தனும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு விகாரைக்குப் போய் வருவார். மற்றபடி பூசை, பரிகாரம், நேர்த்திக்கடன் எதற்கும் அவர் பக்கத்தில் இடமில்லை. லதாவோ வெள்ளிக்கிழமை தவறினால் காய்ச்சல் வந்துவிடும் என்று நம்புகிற குடும்பத்துப் பெண். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்து, குழாயடியில் பார்த்துப் பார்த்தே கட்டிக்கொண்டவர்கள். கல்யாணமான வாரமே பேசி முடித்துவிட்டார்கள்: கிழக்குச் சுவர் உனக்கு, மேற்குச் சுவர் எனக்கு. கிழக்கே பெருமாளும் தாயாரும், மேற்கே புத்தர். அந்த எல்லையை இருவரில் யாரும் தாண்டியதில்லை, முந்தின வருஷத்துக்கு முந்தின ஐப்பசி வரை.

அந்த ஐப்பசியில் ஆனந்தனுக்குச் சளி என்று ஆரம்பித்தது நுரையீரலில் இறங்கிவிட்டது. கோலாரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். "இன்னைக்கு ராத்திரி தாண்டட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். லதா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"ஏழுமலையானே! இவரு எழுந்து நடப்பாரு. ஊரிகத்துல இருந்து உன் மலைக்கு நடந்தே வருவாரு. நான் இட்டுனு வரேன்."

நர்ஸ் வந்து வாயைப் பொத்தாத குறையாக அதட்டினாள். ராத்திரி தாண்டியது. ஆனந்தன் பாதி ஆளாக வீட்டுக்கு வந்தார். வேண்டுதலைக் கேட்ட மகள் ஷாலினி, "அப்பா காலை அடமானம் வைக்க நீ யாரும்மா?" என்று சிரித்தாள். லதா சிரிக்கவில்லை. குபேரனுக்கே இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிற சாமி. தனக்கு வர வேண்டியதை மட்டும் மறந்துவிடுவாரா? அந்த நடை பாக்கி இருக்கும்வரை தன் புருஷனின் மூச்சு இரவல் மூச்சு என்றே அவள் நம்பினாள். இரவில் அவர் இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அடுத்த இருமல் வராது என்று தெரிந்த பிறகுதான் படுப்பாள்.

ஆனந்தன் நடக்க ஒத்துக்கொண்டார். இந்தப் புரட்டாசிக்கு, பெங்களூர் பக்கம் ஒயிட்ஃபீல்டில் தான் வேலை பார்க்கும் குடோனில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்தார்.

"நம்பாதவரு எதுக்குங்க வரீங்க?" என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

"நீ தூங்கணும் இல்ல" என்றார்.

ஊரிகம் மாரியம்மன் கோயில் வாசலில் பாதயாத்திரைக் கோஷ்டி கூடியபோது இன்னும் விடியவில்லை. இருபது பேர் இருக்கும். தலைவர் சிவகுமார், ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருப்பவர், வருஷா வருஷம் கோஷ்டியை அழைத்துப் போகிறவர். கட்டுப்பாடுகளை உரக்கச் சொன்னார்: செருப்பு கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது, மலை ஏறும்வரை சக்கரம் வைத்த எதிலும் ஏறக் கூடாது. சாமான்களுக்கும் சமையலுக்கும் மட்டும் ஒரு டெம்போ. அதை ஓட்டுவது நோயல். லதா வீட்டுக்கு அடுத்த லைனில் இருக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர். புரட்டாசி வந்துவிட்டால் பெருமாளுக்கு வண்டி அவருடையதுதான்.

ஆனந்தன் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் துண்டுமாக வந்து நின்றார். லதாவுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது.

"உங்களுக்குச் சங்கடமா இருக்குதாங்க?"

"எனக்கு இன்னா சங்கடம்? எங்க ஆளு வூட்டை விட்டுப் போனதுல இருந்து இந்தக் கலர்தானே கட்டறாரு" என்றார். கோஷ்டியில் பக்கத்தில் நின்ற ரத்தினம்மாவுக்கு அது யார் ஆள் என்று விளங்கவில்லை. லதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கோவிந்தா கோஷத்தோடு நடை புறப்பட்டது. டாக்டர் ஆனந்தனிடம், "நடங்க, மூச்சு வாங்கினா நின்னுடுங்க" என்று சொல்லியிருந்தார். அதில் முதல் பாதியை மட்டும் லதா காதில் வாங்கிக்கொண்டாள். பத்தடி முன்னால் நடப்பாள். திரும்பிப் பார்த்தால் அவர் நிற்பார், நின்றால் உட்காருவார், உட்கார்ந்தால் எழ மாட்டார் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அதனால் பார்க்காமலே நடந்தாள். பின்னால் "உஸ்... உஸ்..." என்று அவர் மூச்சு கேட்கிறவரைக்கும் போதும். கயிற்றில் கட்டி இழுத்துப் போகிற மாதிரிதான் அன்று காலை முழுக்க அவரை இழுத்துப் போனாள்.

நியாயத்துக்குச் சொன்னால், ஆனந்தன் நன்றாகவே நடந்தார். சுரங்க மண்மேடுகள் முதுகுக்குப் பின்னால் போய், கேழ்வரகுக் கொல்லைகளும் தக்காளித் தோட்டங்களும் வந்தன. தோட்டத்தில் வேலை செய்த ஒரு தெலுங்குக்காரி இருவர் கையிலும் ஆளுக்கொரு தக்காளியைத் திணித்து, "மா பேரு செப்பண்டி சாமிகி" என்று தங்கள் பேரையும் சாமியிடம் சொல்லச் சொன்னாள். ஆனந்தன், "தப்பாம செப்பறேன்மா" என்று பாதித் தமிழில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"இன்னாங்க, நீங்க போயி பெருமாள்கிட்ட பேசப் போறீங்களா?"

"நீ என் காலைக் குடுத்துட்ட. நான் வாயைக் குடுத்துட்டேன். அவ்ளோதான்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நடந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. பகல் வெளிச்சத்தில் இந்த மனுஷனோடு இவ்வளவு நேரம் சேர்ந்து நடந்து எத்தனை வருஷம் ஆகிறது? சுரங்கத்தை மூடியதிலிருந்து தங்க வயலில் பாதிப் பேருக்கு ரயில்தான் பிழைப்பு. விடிவதற்கு முன் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறினால் இருட்டின பிறகு இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வீட்டில் இருந்தால், அதையும் தூங்கியே கழிப்பார்கள். ஆனந்தனின் தூக்கம் அந்த ரயிலிலேயே பேர்போனது. வண்டி அசைந்தால் கண் மூடிவிடும். உட்கார இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவார். சீட்டாடுகிறவர்கள் அவர் தோள்மேல் சீட்டை அடுக்கினாலும் தெரியாது. ஒயிட்ஃபீல்டு வந்தால் மட்டும் யாரும் எழுப்பாமலே கண் திறக்கும். இருபது வருஷத்துக்கு மேலாகச் சக்கரத்தின்மேல் தூங்கிப் பழகிய உடம்பு அது.

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருந்தால் லதா அன்று மத்தியானம் அவரைத் தனியாக விட்டிருக்க மாட்டாள்.

பேத்தமங்கலம் ஏரிக்கரையில் மத்தியானச் சாப்பாடு. புளியமரத்தடியில் துண்டை விரித்துக் கோஷ்டி சாய்ந்தது. லதாவின் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அவள் அதை மறைத்துத்தான் வைத்திருந்தாள். ஆனந்தன் எப்படியோ பார்த்துவிட்டார்.

"நம்ம பையில களிம்பு இருக்குது. வண்டியில ஏத்திட்டோம். இரு, எடுத்தாறேன்."

"வேணாங்க, சாயங்காலம் பார்த்துக்கலாம்."

அவர் போய்விட்டார். லதா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினாள். களைப்பில் சற்றே அயர்ந்திருப்பாள். சிவகுமார் கோவிந்தா போட்டதும் எழுந்து, எல்லோரோடும் நடக்கத் தொடங்கினாள். ஆனந்தன் பின்னால்தான் வருவார். அவர் களிம்பைத் தேடிக்கொண்டு நேரம் கடத்துவார், பையில் அடியில் இருப்பதை மேலே தேடுகிற ஆள். அவள் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மைல் போயிருப்பாள். பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் ரத்தினம்மாவுடையது என்று அப்போதுதான் புரிந்தது.

"எங்க வூட்டுக்காரரைப் பார்த்தீங்களாக்கா?"

"நான் பார்க்கல லதா. முன்னாடி போறாரோ இன்னாவோ."

முன்னால் ஓடினாள், இல்லை. பின்னால் ஓடினாள், சாலையில் தக்காளி லாரிதான் வந்தது. அவருடைய போன் அவள் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. மடியில் கனம் என்று காலையில் அவர்தான் கொடுத்தார். ஏரிக்கரை, தண்ணீர், மூச்சு வாங்கி உட்கார்ந்தவர், யாரும் பார்க்காமல்... அவள் மனம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டது. "பெருமாளே, நான்தான் கொண்டாறேன்னு சொன்னேனே, அதுக்குள்ள நீயே எடுத்துக்கினியா" என்று நடுச்சாலையில் நின்று அழத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் சிவகுமாரின் போன் அடித்தது. பேசியது நோயல். சாயங்காலச் சமையலுக்காகக் கோஷ்டிக்கு முன்பே டெம்போவை எடுத்துக்கொண்டு, வி.கோட்டா பக்கத்தில் ராத்திரி தங்கும் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

"சாமி, ஆனந்தன் அண்ணன் இங்க இருக்கிறாரு. பாய்க்கட்டுங்களுக்கு நடுவுல படுத்துத் தூங்கினு வந்துட்டாரு. இறக்கலாம்னு தார்ப்பாயைத் தூக்கினா, எழுந்து, 'ஒயிட்ஃபீல்டு வந்திருச்சா'ன்றாரு!"

நடந்தது இதுதான். களிம்பு எடுக்க வண்டியில் ஏறியவர் பையைக் குடைந்து எடுத்துவிட்டார். கால் உளைச்சலுக்கு ஒரு நிமிஷம் பாய்க்கட்டின்மேல் உட்கார்ந்தார். நோயல் பின்னால் பார்க்காமல் எஞ்சினைப் போட்டார். எஞ்சின் அதிர்ந்ததும் அந்த உடம்பு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது.

சாலையே சிரித்தது. லதாவும் கண்ணீரோடு சிரித்தாள். உயிரோடு இருக்கிறார், தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. சக்கரத்தில் ஏறிவிட்டாரே!

"பரவாயில்லம்மா" என்றார் சிவகுமார். "தெரிஞ்சா ஏறினாரு? தூக்கம்தானே? பெருமாளே படுத்துக்கினு இருக்கிறவருதான், அவருக்குத் தெரியாதா? இன்னைக்கு ராத்திரி பஜனையில ஒரு கற்பூரம் ஏத்திடுங்க, சரியாப் போயிடும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி தாராளமாகக் கொடுத்துவிட்டார், பக்கத்தில் நடந்த ரத்தினம்மா கொடுக்கவில்லை.

"அதெப்படி? வேண்டுதல் நடை அது. எங்க மாமனார் காலத்துல இப்படி ஒருத்தரு மாட்டுவண்டியில ஏறிட்டாரு. ஏறின எடத்துக்கே திரும்பிப் போயி, மறுபடியும் அங்க இருந்து நடந்தாரு. சக்கரம் தூக்கினு போன தூரம் கணக்குல சேராது லதா. பாக்கி பாக்கிதான்."

பாக்கி என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. லதா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"இன்னாங்க இப்படிப் பண்ணிட்டீங்க! ஏறின எடத்துல இருந்து திரும்ப நடந்தாத்தான் சேருமாம்! இல்லன்னா எல்லாம் வீணாம்! ரெண்டு வருஷமா நான்..." அதற்குமேல் அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் ஆனந்தன் அவள் அழுவதைக் கேட்டுவிட்டு, "சரி" என்று போனை நோயலிடம் கொடுத்துவிட்டார்.

கோஷ்டி நடந்தது. லதாவின் கால் நடந்தது, மனம் நடக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் நோயல் கூப்பிட்டார்.

"அக்கா, அண்ணன் கிளம்பிட்டாரு."

"எங்க?"

"பேத்தமங்கலத்துக்கு. நடந்து. 'ஏறின எடத்துக்குப் போயி அங்க இருந்து ஒழுங்கா வரேன்'ன்றாரு. நான் வேணாம் அண்ணா, பேடா அண்ணா, உங்க உடம்புக்கு ஆவாதுன்னு கால்ல விழாத குறை. கேக்கல. தண்ணி பாட்டில்கூட வாங்கிக்கல. நான் அடுப்பை ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டு வண்டியை எடுத்துக்கினு பின்னாடியே வரேன்."

லதா தூரத்தைக் கணக்குப் போட்டாள். சத்திரத்திலிருந்து ஏரிக்கரை வரைக்கும் போய், அங்கிருந்து மறுபடியும் சத்திரத்துக்கு. காலையில் நடந்த நடை போதாதென்று, மேற்கு வெயிலில் இன்னும் இரண்டு நடை. அவள் கேட்காமல் விட்ட அந்த இரண்டாவது பாதி அப்போது காதில் தெளிவாகக் கேட்டது: மூச்சு வாங்கினா நின்னுடுங்க. அவர் நிற்க மாட்டார். அவள் அழுததைக் கேட்டுவிட்டார். அதனால் நிற்க மாட்டார்.

கோஷ்டியை விட்டுவிட்டு லதா முன்னால் ஓடினாள். கொப்புளம் கிழிந்து ரத்தம் வந்தது, தெரியவில்லை. தைலமரத் தோப்பைத் தாண்டி, ஆந்திர எல்லைப் பலகையைத் தாண்டி, வளைவில் திரும்பியபோது தூரத்தில் ஒரு மஞ்சள் வேட்டி தெரிந்தது. சாலையின் வலது ஓரமாக, ஒரு கையை விலாவில் அழுத்திக்கொண்டு, நாலு அடி நடந்து நின்று, நாலு அடி நடந்து நின்று, அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நேருக்கு நேர் வந்ததும் ஆனந்தன் முதலில் செய்த காரியம், மடியிலிருந்து களிம்பு டப்பாவை எடுத்து நீட்டியதுதான்.

"இந்தா. காலுக்குப் போடு."

பேச்சு முழுசாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு ஏறி இறங்கியது. உதட்டின் நிறம் சரியில்லை. லதா அவர் கையைப் பிடித்துச் சாலையோரப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்தாள். அவர் உட்காரவே மறுத்தார்.

"உட்கார்ந்தா எழ மாட்டேன். நீ போ. நான் ஏரிக்கரையைத் தொட்டுட்டு வரேன். இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்."

"நீங்க எங்கயும் போக வேணாம்."

"நீதானே சொன்ன, திரும்ப நடந்தாத்தான் சேரும்னு."

"நான் ஆயிரம் சொல்வேன்! பைத்தியக்காரி சொன்னா கேட்டுக்கினு வந்துடுவீங்களா? உங்களுக்குத்தான் இதெல்லாம் நம்பிக்கை இல்லையே! சாமியே இல்லைன்றவருக்கு எதுக்குங்க இந்த வீராப்பு?"

ஆனந்தன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். உட்காரவில்லை, ஊன்றிக்கொண்டார். மூச்சு சற்று அடங்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

"லதா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் தூங்கினு இருந்தேன்னு நினைச்சியா? எல்லாம் காதுல விழுந்துச்சு. டாக்டர் சொன்னது விழுந்துச்சு. ராத்திரி தாண்டணும்னாரு. பக்கத்துக் கட்டில்காரங்க உச்சு கொட்டினது விழுந்துச்சு. எங்க தம்பி வெளிய நின்னு யாருக்கோ போன் பண்ணி, 'கிளம்பி வாங்க'ன்னு சொன்னான், அதுவும் விழுந்துச்சு. எல்லாரும் என்னை முடிச்சிட்டாங்க. நீ ஒருத்திதான் வந்து, 'இவரு எழுந்து நடப்பாரு'ன்ன. பொழைக்கட்டும்னுகூட கேக்கல நீ. நடப்பாருன்ன. திருப்பதி வரைக்கும்ன. ஒரு மூச்சுக்கே வழியில்லாம படுத்திருக்கிறேன், எனக்கு அவ்ளோ தூரத்தைக் காட்டற. அந்த ராத்திரி பூரா அந்தப் பேச்சைத்தான் பிடிச்சிக்கினு கிடந்தேன். உங்க பெருமாளை எனக்குத் தெரியாது. நான் நடக்கறது உன் வாய்ச்சொல்லுக்கு. அது பொய்யாப் போகக் கூடாது. அவ்ளோதான். நகரு, போயிட்டு வரேன்."

இரண்டு வருஷமாக லதா, தான் அவரைப் பெருமாளுக்கு அடமானம் வைத்துவிட்டதாகவும், தன் பயத்துக்காக அவர் தயவு பண்ணுவதாகவும் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, ரயிலில் போய் ரயிலில் வந்து, ஒரு நாளாவது வாயைத் திறந்தாரா? கோபமாக வந்தது. அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக ஆசை வந்தது. நடுச்சாலையில் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரத்தில் டெம்போ வந்து நின்றது. நோயல் குதித்து இறங்கி, ஆனந்தனின் முகத்தைப் பார்த்து, "அக்கா, அண்ணன் ஏறட்டும்" என்றார். ஆனந்தனின் முகம் இருந்த இருப்பில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏறுங்க" என்றாள் லதா.

"மாட்டேன். ஒருதரம் தெரியாம ஏறினேன். தெரிஞ்சு ஏறினா அது வேற."

"நேர்ந்துக்கினவ நான். நானே சொல்றேன், ஏறுங்க."

"இன்னைக்குச் சொல்லுவ. நாளைக்கு நான் இருமினா ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு இருமலுக்கும் பாக்கி, பாக்கி என்று மனசு அடித்துக்கொள்ளும். லதா ஒரு நிமிஷம் சாலையைப் பார்த்தாள். ஊரிகம் கோயில் வாசலிலிருந்து இந்த இடம் வரைக்கும் அவள் வைத்த ஒரு அடிகூடத் தவறவில்லை. கொப்புளத்தோடு, ரத்தத்தோடு, சுத்தமான நடை. வேண்டுதலில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டெம்போவின் பின்கதவில் கால் வைத்து, ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா!" என்றார் நோயல்.

ஆனந்தன் பதறினார். "இன்னா பண்ற லதா? இறங்கு! நீ எதுக்கு ஏறின? உன் நடையாவது ஒழுங்கா இருந்துச்சே!"

"போவட்டும்."

"சாமி..."

"சாமியைப் பத்தி நீங்க பேசாதீங்க, அது கிழக்குச் சுவரு. அவரும் பொண்டாட்டி கட்டினவருதான், அதுவும் ரெண்டு பேரு. நான் சொல்லிக்கிறேன், அவருக்குப் புரியும். புரியலைன்னா தாயார் புரிய வைப்பாங்க. நீங்க ஏறுங்க. நீங்க ஏறலைன்னா இந்த வண்டி நகராது, நானும் இறங்க மாட்டேன். பின்னாடி வர்ற கோஷ்டி பூரா என்னை இப்படியே பார்த்துட்டுப் போகட்டும்."

கையை நீட்டினாள். ஆனந்தன் அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நோயலிடம் சொன்னார், நோயலும் நம்பியதாகத் தலையாட்டினார். பிறகு அவள் கையைப் பிடித்து ஏறினார்.

வண்டி நகர்ந்ததும் லதாவுக்குப் பயம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் அவர் முதுகில் வைத்த உள்ளங்கைக்கு மூச்சு தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. முதலில் முட்டி முட்டி வந்தது, அப்புறம் கொஞ்சம் நிதானமாக. அவள் கையை எடுக்கவில்லை.

"இன்னும் அவ்ளோ தூரம் இருக்குதே" என்றார் ஆனந்தன், சிறிது நேரம் கழித்து. "நாளைக்கு இன்னா பண்றது?"

"நாளைக்குக் காலையில உங்க மூச்சைக் கேட்போம். நடக்கலாம்னு சொன்னா, அது சொல்ற தூரம் நடப்போம். வேணாம்னு சொன்னா பஸ் ஏறிப் போவோம்."

"போயி?"

"போயி, அவர் எதிர்ல உங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, 'நடத்திக் கூட்டியாறேன்னு சொன்னேன், முடியல. உயிரோட கூட்டியாந்திருக்கிறேன், பார்த்துக்கோ'ன்னு சொல்லிட்டு வருவேன்."

ஆனந்தன் அவள் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலில் களிம்பைத் தடவத் தொடங்கினார்.